மொந்தை நிற்கும் மூலை

மொந்தையைத் தூக்கிவிடச் சொல்லி உத்தரவு வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எங்கள் தொடரை வெளியிட ஓடிடி தளம் ஒப்புக்கொண்டுவிட்டது, ஒரே ஒரு திருத்தத்துடன். அந்த ஒரே ஒரு திருத்தம்தான் மொந்தை. கேக்கின் மேல் கதாநாயகன் கதிர்வேந்தனின் முகத்தை க்ரீமில் வரைந்திருந்தார்கள். எனக்கு வந்த துண்டில் ஒரு கண் இருந்தது. குப்பைக்கூடையில் போட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முன்பு பம்பு உதிரிபாகம் செய்துகொண்டிருந்த கொட்டகைதான் எங்கள் ஸ்டுடியோ. நாவல்களை அனிமேஷன் தொடர்களாக மாற்றுவது தொழில். வரைகிறவர் என்று யாரும் கிடையாது. நாவலைக் கொடுத்தால், அதில் வரும் ஒவ்வொரு ஆளுக்கும் இயந்திரம் ஒரு மனம் செய்யும். அந்த மனங்களை நாவலின் ஊருக்குள் இறக்கிவிட்டால் அவர்கள் பாட்டுக்கு வாழ்வார்கள். சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள், சாப்பிடுவார்கள். உள்ளே ஒரு கேமரா சுற்றிவந்து படம் பிடிக்கும். இதற்கு ஓட்டம் என்று பெயர். ஓட்டம் இரவெல்லாம் நடக்கும். யாராவது கண் விழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது நான். பொறியியல் படிப்பை மூன்றாம் ஆண்டில் விட்டவனுக்கு வேறு எந்த வேலையும் யாரும் கொடுக்கவில்லை.

நாவலின் பெயர் ‘செங்கழனிப் படை’. ஒரு காலத்தில் வார இதழில் இரண்டு வருடம் ஓடிய சரித்திரக் கதை. மொந்தை அதில் படைத்தலைவன் கதிர்வேந்தனின் சமையற்காரன். குண்டு, கறுப்பு, வழுக்கை. அவன் ஏறினால் குதிரை உட்கார்ந்துவிடும். பானைக்குள் தலையை விட்டால் தலை மாட்டிக்கொள்ளும். கதிர்வேந்தனும் அவனுடைய இரண்டு தோழர்களும் அவன் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்வார்கள், தலையில் தட்டுவார்கள், சிரிப்பார்கள். அடுத்த அத்தியாயம் தொடங்கிவிடும்.

இயக்குநர் தாரிணி தளத்தின் கடிதத்தைக் கைபேசியில் பார்த்து வாசித்தார். உடல் கேலி, நிறக் கேலி, பணியாளரை இழிவுசெய்தல். இவை நீக்கப்பட வேண்டும்.

“ரொம்ப ஈஸி. மொந்தையை எடுத்துட்டா எல்லாம் போச்சு,” என்றார்.

“மேடம், கேலி பண்றது கதிர்வேந்தனும் அவன் ஆளுங்களும்,” என்றேன். “மொந்தை வாயே தெறக்கறதில்ல. எடுக்கறதா இருந்தா அவங்களைத்தான எடுக்கணும்?”

“ஹீரோவை எடுக்கவா?”

எல்லோரும் சிரித்தார்கள். கணக்குப் பிரிவு சுரேந்தருக்குப் புரையேறியது.

நாவலை எழுதிய தணலேந்தியும் கேக்குக்காக வந்திருந்தார். அது புனைபெயர். எண்பதை நெருங்கும் மனிதர். தட்டைத் தாடைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். அவரிடம் கேட்டேன்.

“அவனா?” என்றார். “எடிட்டர் வாரம் எட்டுப் பக்கம் கேப்பார் தம்பி. சில வாரம் ஆறுதான் வரும். மொந்தையைக் கூப்பிட்டு நாலு உதை விட்டா ரெண்டு பக்கம் ரொம்பிடும். அவனைப் போய் கேரக்டர்ங்கிறீங்களே. செவுத்துல ஓட்டை இருந்தா சிமிட்டி வெச்சுப் பூசறோம்ல, அந்த மாதிரி. தாராளமா எடுங்க.” க்ரீம் அவர் மீசையில் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் லூர்துசாமி தோளில் தண்ணீர் கேனுடன் உள்ளே வந்தார்.

“டேங்கர் வந்துடுச்சு, வழி விடுங்கப்பா!” என்று சுரேந்தர் கத்தினான்.

லூர்துசாமி எங்களுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். குண்டு, கறுப்பு, வழுக்கை. எல்லோரும் அவரை டேங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். யாராவது விளையாட்டாகத் தலையில் தட்டக் கை ஓங்கினால் மட்டும் வலது முன்னங்கை தானாக மேலே போய்க் காதை மறைக்கும். கை இறங்கியதும் மறுபடி சிரிப்பார். தாரிணி அதை ஒருநாள் கவனித்தார். “எவ்வளவு அழகா வாங்கிக்கிறார் பாருங்க,” என்றார். மொந்தைக்கு விதை கிடைத்துவிட்டது.

விதை என்பது இதுதான். தாரிணி அவரை உட்காரவைத்துச் சொன்னபோது நான்தான் பக்கத்தில் நின்று மனத்தின் அசைவைப் பதியும் தொப்பியின் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“புத்தகத்துல மொந்தைக்கு மொத்தமே கொஞ்சம் பக்கம்தான் லூர்து. ஒரு ஆள் முழுசா நடமாடணும்னா அது பத்தாது. எப்படி மூச்சு விடுவான், எதுக்கு வெக்கப்படுவான், அடி விழுந்தா கை எங்க போகும், இதெல்லாம் ஒரு நெஜ ஆள்கிட்டருந்து எடுக்கணும். உங்ககிட்டருந்து எடுக்கப்போறோம்.”

“நான் இன்னா மேடம் பண்ணணும்?”

“சும்மா உக்காந்தா போதும். தொப்பி எடுத்துக்கும்.”

“சும்மா குந்தறதுக்கு ஆளு வேணும்னா நம்மள வுட்டா வேற யாரு!” என்று அவரே சொல்லிச் சிரித்தார். பிறகு கேட்டார், “மூஞ்சியும் என்துதான் வரும்?”

“மூஞ்சி, உடம்பு, நடை, எல்லாம் உங்களுதுதான்.”

“போதும் மேடம். எம்பொண்ணு ஷெரின் ஸ்கூல்ல சொல்லிக்கும்.”

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் அதைத்தான் கேட்பார். கேக் வெட்டிய அன்றும் கேனை இறக்கிவைத்துவிட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “இன்னா மேடம் கேக்கெல்லாம்? நம்மாளு எப்ப வர்றான்?”

“வந்துடுவார் லூர்து. ஒரு மூணு மாசம்.”

அந்தக் கடிதம் திறந்திருந்த கைபேசி இன்னும் தாரிணியின் கையில் இருந்தது. மறு கையால் அவருக்கு ஒரு துண்டு கேக் எடுத்துக் கொடுத்தார்.

ஒரு மனத்தை ஓட்டத்திலிருந்து சும்மா உருவ முடியாது. மற்றவர்கள் தேட ஆரம்பித்துவிடுவார்கள். நேற்றுவரை சோறு போட்டவன் எங்கே என்று கேட்பார்கள். அதனால் போவதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். அதை எழுதுவது என் வேலை. தாய் படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று மொந்தைக்குச் சேதி அனுப்பினேன். நாவலில் அவனுக்குத் தாய் கிடையாது. இயந்திரம் அதுவாகவே ஒரு தாயைக் கொடுத்திருந்தது. மொந்தை அடுப்பை அணைத்து, கரண்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, கதிர்வேந்தனிடம் விடைபெறப் போனான்.

“நடந்தே போடா. குதிரைக்கும் தாய் இருக்கிறாள்,” என்றான் கதிர்வேந்தன். தோழர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மொந்தையும் சிரித்தான். கோட்டை வாசலைத் தாண்டியதும் அவனை நிறுத்தி எடுத்து வைத்தேன். அழிக்கவில்லை. அழிக்க இன்னொருவர் கையெழுத்து வேண்டும், அவர் விடுப்பில் இருந்தார். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அடுத்த சில ஓட்டங்கள் சுத்தமாக இருந்தன. பிறகு கதிர்வேந்தனும் தோழர்களும் சாப்பாட்டு நேரத்தில் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தார்கள். சும்மாவேனும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை. அப்புறம் கிழ வைத்தியரைப் பிடித்தார்கள். அவர் வாயில் பல் இல்லை. முதலில் பேச்சை நடித்துக் காட்டினார்கள். பிறகு கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள்.

“வைத்தியரையும் எடுத்துடு. அவர் இல்லாமலே கதை நிக்கும்,” என்றார் தாரிணி.

எடுத்தேன். படகோட்டும் பெண்ணைப் பிடித்தார்கள். அவளுக்கு அம்மைத் தழும்பு. அவளையும் எடுத்தேன். அடுத்த ஓட்டத்தில், கதிர்வேந்தன் தன் காதலி பூங்கொடையை எல்லோர் முன்னிலும் நிற்கவைத்து அவள் மூக்கைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. தோழர்கள் சிரித்தார்கள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, அவளும் சிரித்தாள். அன்று அந்த மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

தாரிணி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. பூங்கொடைக்காக என்று நினைத்தேன்.

“நாயகியை எடுக்க முடியாதே,” என்றார்.

“இவனுங்க மனசையே மாத்திடலாம் மேடம். கேலி பண்ற புத்திய மட்டும் எடுத்துட்டா?”

“பார்த்துட்டோம். அதை எடுத்தா கதிர்வேந்தனோட மிடுக்கு போயிடுது. மரப்பொம்மை மாதிரி நிக்கறான். அவன் தோள்ல இருக்கற தெனாவெட்டு, கண்ல ஒரு சிரிப்பு, எல்லாமே அங்கருந்துதான் வருது.” இதை அவர் ஒரு கண்டுபிடிப்பு போலச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

மறுநாள் மதியம் யோசனையோடு வந்தார். யோசனை அழகாக இருந்தது. அதுதான் அருவருப்பு. மூன்று ஆண்களின் மனத்திலும் ஒரு விதி வைப்பது: கேமரா பார்க்கும் இடத்தில் யாரையும் இழிவுசெய்யக் கூடாது. மொந்தையைத் திரும்ப உள்ளே விடுவது. கேமராவுக்கு ஒரு விதி: மொந்தை ஃப்ரேமுக்குள் வரவே கூடாது.

“வெளியில வெச்சு அவனை என்ன வேணா பண்ணிக்கட்டும். மனசு லேசாயிடும். ஃப்ரேமுக்குள்ள வரும்போது தங்கமா இருப்பாங்க,” என்றார்.

“கக்கூஸ் மாதிரி.”

“என்ன?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

தாய் பிழைத்துக்கொண்டாள் என்று எழுதினேன். மொந்தை திரும்பி வந்தான். வரும்போது ஒரு துணி மூட்டை நிறையப் பொருள்விளங்கா உருண்டை கொண்டுவந்தான். தாய் செய்து கொடுத்ததாம். நான் எழுதவில்லை, இயந்திரம் எழுதியது. கதிர்வேந்தன் ஒரு உருண்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தான், கெட்டியாக இருந்தது, மொந்தையின் தலையிலேயே எறிந்தான். மற்ற இருவரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மொந்தையின் முன்னங்கை காதுக்குப் போயிற்று. லூர்துசாமியின் கை அது. அசலாக அவர் கை.

தாரிணி சொன்னபடியே நடந்தது. ஃப்ரேமுக்குள் மூன்று பேரும் ஜொலித்தார்கள். வைத்தியரையும் படகுப் பெண்ணையும் திரும்பச் சேர்த்தோம். கதிர்வேந்தன் வைத்தியர் காலைத் தொட்டு வணங்கினான். பூங்கொடையின் மூக்கை எள்ளுப்பூவோடு ஒப்பிட்டான். பார்க்கிறவனுக்குக் கண்ணீர் வரும். ஆனால் வணங்கிவிட்டு ஃப்ரேமை விட்டு வெளியே போனதும் அவன் நேராக எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும்.

மொந்தை முட்டாள் இல்லை. சீக்கிரமே ஒன்றைக் கற்றுக்கொண்டான். இன்ன சில இடங்களில் இவர்கள் அடிப்பதில்லை. அந்த இடங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கேமரா என்றால் அவனுக்குத் தெரியாது. வெயில் விழும் இடம் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பான். அந்த இடத்துக்குள் போய்விட்டால் தப்பிக்கலாம். அதனால் தட்டைத் தூக்கிக்கொண்டு, விறகைத் தூக்கிக்கொண்டு, எப்போதும் அந்த ஓரத்தை நோக்கி நடந்தான். அவன் நெருங்க நெருங்க கேமரா விலகியது. அவன் ஓடினால் கேமராவும் ஓடியது. நான் கண்ட ஓட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு குண்டு மனிதன் கேமராவைத் துரத்திக்கொண்டிருந்தான். பிறகு தொடர் வெளிவந்தபோது, ஓயாமல் அலையும் அந்தக் கேமரா மனித மனத்தின் தேடலைக் காட்டுவதாக ஒரு விமர்சகர் எழுதினார்.

கொஞ்ச நாளில் மொந்தை மரத்துப்போனான். அடித்தால் வாங்கிக்கொண்டு நின்றான். கை மேலே போகவில்லை. சிரிக்கவும் இல்லை. அடிக்கிறவர்களுக்குச் சுவைக்கவில்லை. கதிர்வேந்தனின் பார்வை மறுபடி வைத்தியர் பக்கம் போயிற்று.

“விதையைப் புதுப்பிக்கணும். லூர்துவைச் சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொல்லு,” என்றார் தாரிணி.

லூர்துசாமி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். தொப்பியை மாட்டினேன். இந்த முறை சும்மா உட்கார்ந்தால் போதாது. அவமானம் வேண்டும், அது புதிதாக வேண்டும். எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினால் திரையில் அவமானத்தை அளக்கும் கோடு அசையவில்லை. நிஜமாகச் சொன்னால்தான் கோடு எழுந்தது. அதனால் அலுவலகத்தில் இருந்தவர்களை முறைபோட்டுக் கூப்பிட்டார்கள்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே,” என்றுதான் முதலில் ஆரம்பித்தார்கள். “அட, சொல்லுங்கப்பா, நமக்கு இன்னா புச்சா?” என்று லூர்துசாமியே தைரியம் சொன்னார். ஒலிப் பிரிவில் இருந்த காவ்யா முதல் வாரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுதுகொண்டே வெளியே ஓடினாள். மூன்றாவது வாரம் கைபேசியில் எழுதிவைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத்தான் நல்ல கோடு வந்தது. சுரேந்தர் தன் முறை இல்லாத வாரத்திலும் வந்தான். “யோவ் டேங்கர், நீ கட்டில்ல படுத்தா உன் பொண்டாட்டி எங்கய்யா படுப்பா, செவுத்துலயா?” பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கோடு எழுந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதைப் போல. நன்றாக வேலை செய்தோம் என்கிற முகத்தோடு டீ குடிக்கப் போனார்கள். மனிதர்களுக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். தொப்பியெல்லாம் பிறகு.

தொப்பியை மாட்டுகிறவன் பேசத் தேவையில்லை.

ஒருநாள் சுரேந்தர் குனிந்து, மெதுவாகச் சொன்னான். “உன் பொண்ணு உன்னை ஸ்கூல் கேட்டாண்ட வராதேன்னு சொல்லிச்சாமே?”

இது லூர்துசாமி அவனிடம் எப்போதோ படிக்கட்டில் உட்கார்ந்து மனம்விட்டுச் சொன்னது. கோடு திரையின் உச்சியைத் தொட்டது. யாரும் கை ஓங்கவில்லை. ஆனால் முன்னங்கை மேலே போய்க் காதோடு ஒட்டிக்கொண்டது. இறங்க நேரம் எடுத்தது. அதற்கப்புறம்தான் சிரித்தார். “ஆமாம்பா,” என்றார். “பசங்க கிண்டல் பண்ணுதாம். படம் வரட்டும்னு சொல்லிருக்கேன்.”

“சூப்பர் டேக்,” என்றார் தாரிணி.

அன்று மாலை அவர் அறைக்குப் போனேன். “மேடம், லூர்து படத்துலயே இல்ல. அவர்கிட்ட யாராவது சொல்லணும்.”

“இருக்காரே. அவர் இல்லாம அந்த ஓட்டமே கிடையாது.”

“ஃப்ரேம்ல இல்ல.”

“பரணி, உள்ளே யாருக்கும் வலிக்கல. அது வெறும் கணக்கு.”

“கணக்குக்கு எதுக்கு மேடம் லூர்து?”

“உனக்கு இந்த வேலை பிடிக்கலன்னா சொல்லு,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபம் வந்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும்.

கடைசி அத்தியாயத்தின் ஓட்டத்தில் கேமராவைக் கையால் பிடித்தேன். அதற்கு வசதி உண்டு. இயந்திரம் தடுமாறினால் நாங்கள் பிடித்துக்கொள்ளலாம். வெற்றி விழா நடக்கிறது. முற்றத்தில் கதிர்வேந்தனும் தோழர்களும் பூங்கொடையும் நிற்கிறார்கள். வெளியே, வலது ஓரத்தில், மொந்தை வழக்கம்போல நெருங்கிக்கொண்டிருந்தான். கேமரா நகர முயன்றது. விடவில்லை.

மொந்தை உள்ளே வந்தான். அவனாலேயே நம்ப முடியவில்லை. இரண்டடி வைத்து நின்றான். கதிர்வேந்தன் அவனைப் பார்த்தான், வாயைத் திறந்தான், விதி தடுத்தது, மூடினான். தோழர்களும் அப்படியே. கேலியைத் தவிர அவனிடம் பேச அவர்களுக்கு வேறொன்றும் இருக்கவில்லை. இத்தனை வருடம் சோறு போட்டவன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கத் தெரியவில்லை. மூன்று வீரர்களும் தரையைப் பார்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை என்றாலும் மொந்தை முன்னங்கையைக் காதோடு வைத்தபடியே நின்றான். வெயில் அவன் மேல் முழுதாக விழுந்தது.

அந்தத் தொடர் முழுவதிலும் உண்மையான காட்சி அது ஒன்றுதான். தாரிணி பார்த்துவிட்டு, “இயந்திரக் கோளாறு,” என்றார். மறுபடி ஓட்ட நேரம் இல்லை. மொந்தை நின்ற இடத்தில் ஒரு கல் தூணை வைத்து மறைக்கச் சொன்னார். வைத்தார்கள். நல்ல தூண். யாளி செதுக்கியது.

தொடர் வாரம் ஒரு அத்தியாயமாக வெளிவந்தது. பெரிய வெற்றி. யாரையும் தாழ்த்தாத நகைச்சுவை, குழந்தைகளோடு பார்க்கலாம் என்றார்கள். யாரும் இழிவுபடாத கதையுலகம் என்று பிறகு ஒரு விருதும் வந்தது. தணலேந்தி மேடையில் ஏறி, தான் எழுதும்போதே இப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார்.

கடைசி அத்தியாயம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் தொப்பி மாட்டும்போதே லூர்துசாமி சொல்லியிருந்தார். “கடசி எபிசோடுலதான் நான் வர்றேன்னு மேடம் சொன்னாங்க. நீ நாளைக்கி வூட்டுக்கு வந்தே ஆவணும் தம்பி.”

உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அம்பத்தூரை அடுத்த பாடியில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு வீடு. உள்ளே நாற்காலி போட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சட்டமிட்ட மாதா படம், அதன் கீழே டிவி. மகள் ஷெரின் தரையில், டிவிக்கு மிக அருகில். பத்து வயதிருக்கும். பள்ளித் தோழிகள் இருவரை வேறு அழைத்து வந்திருந்தாள்.

வாசலிலேயே அவர் மனைவி ஜெசிந்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். “அக்கா, அவரை இனிமே சனிக்கிழமை அனுப்பாதீங்க.”

“எங்க கேக்குறாரு. அடுத்த கதைக்கும் அவருதானாமே,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அங்க இன்னா தம்பி பண்றீங்க அவரை? வூட்ல யார்னா சிரிச்சா போதும், கைய இப்பிடித் தூக்கிக்கிறாரு. தூக்கத்துலகூட. நாங்க யாரும் சத்தமா சிரிக்கிறதையே வுட்டுட்டோம்.”

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். லூர்துசாமி எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அத்தியாயம் ஓடியது. ஒவ்வொரு புது முகம் வரும்போதும் யாராவது, “இதுவா? இதுவா?” என்றார்கள். “இரு, இரு,” என்றார் லூர்துசாமி. தோழிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஷெரின் திரும்பவே இல்லை. வெற்றி விழா வந்தது. கதிர்வேந்தனும் தோழர்களும் ஃப்ரேமுக்கு வெளியே எதையோ பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தபடி உள்ளே வந்தார்கள். நாற்காலியில் இருந்த லூர்துசாமியின் முன்னங்கை மேலே போயிற்று.

பிறகு முற்றம். தூண். யாளி. அப்போதுதான் நானும் பார்த்தேன். தூணை வைத்தவர்கள் நிழலை மாற்ற மறந்துவிட்டார்கள். ஒடுக்கமான கல் தூணுக்குக் கீழே, வெயிலில், ஒரு குண்டு மனிதனின் நிழல் விழுந்திருந்தது. ஒரு கை மடங்கிக் காதோடு.

“தோ!” என்றார் லூர்துசாமி. “நிறுத்து, நிறுத்து. தூணு கீழ பாரு ஷெரின். அதான் நானு.”

ஜெசிந்தா படத்தை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “எங்கய்யா? நெழலா?” என்றார். தோழிகளில் ஒருத்தி உதட்டைக் கடித்தாள். ஷெரின் எழுந்துபோய் டிவியில் அந்த நிழலின் மேல் விரலை வைத்தாள். தலை, தோள், வயிறு என்று மெதுவாக வரைந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. அந்தக் கையைத் தினமும் வீட்டில் பார்க்கிறாளே.

“ஆமா, எங்கப்பாதான்,” என்று தோழிகளிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணா, அப்பா ஏன் கைய இப்பிடி வெச்சிருக்காரு?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சொல்லத்தான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“வெயிலுடி,” என்றார் லூர்துசாமி, என்னை முந்திக்கொண்டு. “அங்க பயங்கர வெயிலு. உங்கப்பன் இன்னும் கறுத்துப்புட்டா அடையாளம் தெரியாதுன்னுதான் மறச்சிக்கினேன்.”

அவள் எதிர்பார்க்கவில்லை. பக்கென்று சிரித்துவிட்டாள். வாய்விட்டு, சத்தமாக, பல் தெரிய. தோழிகளும் அவளோடு சிரித்தார்கள்.

லூர்துசாமியின் கை மேலே போயிற்று.

ஷெரின் அதைப் பார்த்தாள். திரையில் நின்றுபோயிருந்த நிழலையும் பார்த்தாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.